பேழையின் கதவு: ஒரு மழலையர் வகுப்பில் எழுந்த பயம் பற்றிய நிகழ்வு ஆய்வு

கிறிஸ்தவ மழலையர் பள்ளி ஒன்றின் நான்கு வயது வகுப்பில், காலை ஜெபத்தின்போது ஒரு பையன் மட்டும் கண்ணை மூடாமல் இருக்கத் தொடங்கினான். கைகளைக் கூப்பிக்கொள்வான், பாட்டும் சேர்ந்து பாடுவான். "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றதும் அவன் பார்வை நேரே வகுப்பறைக் கதவுக்குப் போய்விடும். அன்பாகச் சொன்னார்கள், முன்வரிசையில் உட்காரவைத்தார்கள், கையால் கண்ணைப் பொத்திக்காட்டினார்கள். எதுவும் பலிக்கவில்லை. வகுப்புப் பதிவேட்டில் 'அடம்' என்ற சொல் ஏறியது.

சில வாரங்களில் வேறு மாற்றங்களும் தெரிந்தன. வகுப்பறைக் கதவைச் சாத்தினால் எழுந்து போய்த் திறந்துவைத்தான். கழிவறைக்குத் தனியாகப் போக மறுத்தான். "ராத்திரி எழுந்து வந்து கதவு திறந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறான், டீச்சர்" என்று அவன் அம்மா வந்து சொன்ன பிறகுதான் இது ஜெப வேளை ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல என்று பள்ளிக்கு உறைத்தது.

மழலையர் ஆசிரியைகளுக்குப் பயிற்சி அளித்துவருவதால், வகுப்பை வந்து கவனிக்கும்படி பள்ளி என்னைக் கேட்டுக்கொண்டது. பெற்றோரின் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இதில் சேர்க்கவில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: இந்த நிகழ்வில் கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவர்கூட இல்லை. அந்தப் பள்ளியில் குழந்தைகளை நேசிக்கிறார்கள், ஆண்டவரையும் நேசிக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்திலேயே ஒரு குழந்தை ஆண்டவரைக் கண்டு பயந்து கதவோரம் போய் நின்றான் என்பதால்தான் இது எல்லா ஆசிரியைகளும் படிக்க வேண்டிய நிகழ்வு ஆகிறது.

வேறு காரணங்கள்

பயத்துக்கு வகுப்பில் சொல்லப்பட்ட வேதாகமக் கதைதான் காரணம் என்ற முடிவுக்கு யாரும் அவசரப்படவில்லை, அது சரியானது. குழந்தை மருத்துவரிடம் காட்டினார்கள். காதிலும் கண்ணிலும் குறை இல்லை. வீட்டில் சில மாதங்களுக்கு முன் ஒரு தங்கை பிறந்திருந்தாள். தம்பியோ தங்கையோ பிறந்த வீட்டில் மூத்த குழந்தை ஒதுக்கப்பட்டதுபோல் உணர்வது இயல்பு. அம்மாவை விட்டுப் பிரியும் பதற்றமும் இந்த வயதில் சாதாரணம்தான். இவற்றை ஒதுக்கிவிட முடியாது. தங்கை பிறந்த வீட்டில் 'எனக்கு இடம் இருக்கிறதா' என்ற கேள்வி முன்பே முளைத்திருக்கும். பின்னால் வந்த கதை அந்தக் கேள்வியின் மேலேதான் விழுந்தது என்பது என் கணிப்பு.

விளையாட்டில் தெரிந்தது

நான்கு வயதுக் குழந்தையிடம் "ஏன் பயப்படுகிறாய்?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. தெரிந்துகொள்ள விரும்புகிறவர் தரையில் உட்கார வேண்டும். வகுப்பின் ஒரு மூலையில், வேதாகமத்தின் பெருவெள்ளக் கதையில் வரும் கப்பலான நோவாவின் பேழை, மரத்தில் செய்த பொம்மையாக இருந்தது. ஜோடி ஜோடியாக மிருகங்கள், நோவாவின் குடும்பம், கீல் வைத்த ஒரு சிறிய கதவு. இந்தப் பையன் விளையாட்டு நேரம் முழுவதும் அதை விட்டு நகர்வதில்லை. வகுப்பு ஆசிரியை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எதுவும் கேட்காமல், அவன் செய்வதை மட்டும் குறித்துக்கொண்டார்.

மிருகங்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தான். யானைக்கு இடம் போதவில்லை என்று ஒட்டகச்சிவிங்கியைச் சாய்த்துப் படுக்கவைத்தான். நோவாவையும் மற்றவர்களையும் உள்ளே அனுப்பினான். பிறகு கட்டைப் பெட்டியிலிருந்து ஒரு சிறு மனிதப் பொம்மையை எடுத்துவந்து பேழைக்கு வெளியே நிறுத்தினான். கதவைச் சாத்தினான். திறந்தான். மறுபடி சாத்தினான். வெளியே நின்ற பொம்மையைக் கதவில் முட்டவைத்தான். வெகுநேரம் கழித்து, தலையைத் தூக்காமலே கேட்டான்: "கதவை யார் மூடினார்கள், மிஸ்?"

ஆசிரியை பதில் சொல்லவில்லை. "இவன் யார்?" என்று வெளியே நின்ற பொம்மையைக் காட்டிக் கேட்டார்.

"இவன் எடுத்துவிட்டான். ஆண்டவர் பார்த்துவிட்டார்."

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பழைய பதிவேட்டைப் புரட்டியபோது எல்லாம் ஒரே வாரத்தில் நடந்திருப்பது தெரிந்தது. அந்த வாரம் நோவாவின் கதை சொல்லப்பட்டிருந்தது. கெட்டவர்கள் எல்லாரும் தண்ணீரில் மூழ்கினார்கள், நல்லவரான நோவா மட்டும் தப்பினார் என்ற வழக்கமான சுருக்கம். இரண்டு நாள் கழித்து இந்தப் பையன் பேழையிலிருந்த ஓர் ஆட்டுக்குட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டான். பார்த்துவிட்ட உதவியாளர் அதை வாங்கி வைத்துவிட்டு, கோபமே இல்லாமல், நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் அந்த வார்த்தையைச் சொன்னார்: "யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாயா? ஆண்டவர் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்."

பெரியவர்களுக்கு இவை இரண்டு தனித்தனி விஷயங்கள். குழந்தை இரண்டையும் சேர்த்துவிட்டான். ஆண்டவர் கெட்டவர்களைப் பார்க்கிறார். கெட்டவர்களை வெளியே விட்டுக் கதவை மூடுகிறார். நான் எடுத்தேன், அவர் பார்த்துவிட்டார். ஆகவே எந்த நேரத்திலும் கதவு மூடிக்கொள்ளும், நான் வெளியே இருப்பேன். கண்ணை மூடினால் கதவை யார் பார்த்துக்கொள்வது? 'அடம்' என்று எழுதப்பட்டது ஒரு காவல். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதவை மூடியது யார் என்று அவன் கேட்டதற்கு, வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் ஏழாம் அதிகாரம் நேரடியாகவே பதில் சொல்கிறது: மூடியவர் கர்த்தர். கதையை அவன் தவறாகக் கேட்கவில்லை. மிகச் சரியாகக் கேட்டிருந்தான்.

நான்கு வயது மனம் கதையை எப்படிக் கேட்கிறது

குழந்தை உளவியலாளர் ஜான் பியாஜே 1932-இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளுக்கு ஒரு சிறு கதை சொல்லப்படுகிறது. ஆப்பிள் திருடிவிட்டு ஓடும் பையன் பழைய பாலம் ஒன்றைக் கடக்கிறான், பாலம் உடைந்து தண்ணீரில் விழுகிறான். திருடாமல் இருந்திருந்தால் பாலம் உடைந்திருக்குமா? சிறு குழந்தைகளில் பெரும்பாலானோர் உடைந்திருக்காது என்றார்கள். தவறு செய்தால் உலகமே, மரமும் தண்ணீரும்கூட, தண்டிக்கும் என்பது அந்த வயதின் நம்பிக்கை. யாரும் கற்றுக்கொடுக்காமலே இருக்கும் அந்த நம்பிக்கைக்கு வெள்ளத்தின் கதை சான்றிதழ் கொடுத்துவிடுகிறது. உளவியலாளர் எரிக் எரிக்சனின் வகைப்படி மூன்று முதல் ஆறு வயது வரை, தானே முன்வந்து செய்யும் துணிவும் குற்ற உணர்வும் மோதிக்கொள்ளும் பருவம். ஓர் ஆட்டுக்குட்டியை எடுத்த சிறிய குற்றத்துக்கு எவ்வளவு பெரிய தண்டனையும் பொருத்தமாகவே தோன்றும் பருவம் அது.

உளவியலாளர் ஜஸ்டின் பாரெட்டும் உடன் பணியாற்றியவர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நிகழ்வோடு இன்னும் நெருங்கியது. பிஸ்கட் டப்பா ஒன்றைக் காட்டுகிறார்கள். திறந்தால் உள்ளே கற்கள். மறுபடி மூடிவிட்டு, 'இதைத் திறந்து பார்க்காத அம்மா உள்ளே என்ன இருக்கிறது என்று நினைப்பார்? கடவுள் என்ன நினைப்பார்?' என்று கேட்கிறார்கள். ஐந்து, ஆறு வயதானவர்கள் அம்மா ஏமாந்துபோவார், கடவுளுக்குத் தெரியும் என்று பிரித்துச் சொன்னார்கள். அதற்கும் சிறியவர்களில் பலர் இருவருக்குமே தெரியும் என்றார்கள். சின்னக் குழந்தைக்கு 'கடவுள் எல்லாம் அறிந்தவர்' என்று பாடம் நடத்தத் தேவையே இல்லை, சுற்றியுள்ள பெரியவர்கள் எல்லாருமே அப்படித்தான் என்பது அவன் எண்ணம். அப்படியிருக்க, 'பார்த்துக்கொண்டே இருக்கிறார்' என்பதிலிருந்து அவன் புதிதாகக் கற்றுக்கொள்வது என்ன? பார்க்கிறவர் கோபமாகப் பார்க்கிறார் என்பது மட்டுமே.

இதிலிருந்து இன்னொரு கோடிக்குப் போய்விடக் கூடாது. 1960-களில் இங்கிலாந்தில் ரொனால்ட் கோல்ட்மன், எரியும் முட்செடி போன்ற வேதக் கதைகளைப் பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்தார். சிறுவர்கள் எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள், ஆகவே வேதத்தைச் சீக்கிரமே புகட்டுவது கெடுதல் என்ற முடிவுக்கு வந்தார். அவர் கவனித்தது சரி, முடிவு குறுகலானது என்று நினைக்கிறேன். புரிந்துகொள்வது ஒன்று, உறவுகொள்வது வேறு. இறையியலாளர் ஜேம்ஸ் ஃபௌலர் 1981-இல் விசுவாச வளர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்தபோது, மூன்று முதல் ஏழு வயது வரை மனத்தில் பதியும் உருவங்கள் நீண்ட காலம் நிலைக்கும் என்றார். நல்ல உருவமும் நிலைக்கும், பயங்கரமும் நிலைக்கும். ஆகவே கதை சொல்லலாமா என்பது கேள்வி அல்ல. எந்தக் கதையை முதலில் சொல்வது என்பதே கேள்வி.

நோவாவின் கதை மழலையர் வகுப்புகளுக்கு வந்து சேர்ந்ததே மிருகங்களால்தான். பொம்மை கிடைக்கிறது, படம் வண்ணமயமாக இருக்கிறது, பாட்டு இருக்கிறது. ஆனால் அது உலகமே அழிகிற கதை. ஐந்து வயதுக்கு முன் அதை முதல் கதைகளில் ஒன்றாக வைப்பதை நான் ஏற்க மாட்டேன். வானவில்லை மட்டும் காட்டி மற்றதை மறைத்துவிடலாம் என்பவர்களும் உண்டு. குழந்தைகள் மறைத்த இடத்தைத்தான் முதலில் தொடுகிறார்கள்.

'பார்க்கிற தேவன்' யாருக்குச் சொல்லப்பட்டது

ஆசிரியைகளுடன் உட்கார்ந்து பேசியபோது எங்கள் எல்லாரையும் நிறுத்திய இடம் ஆதியாகமம் 16. கர்ப்பிணியான ஆகார், எஜமானியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிப்போகிறாள். நீரூற்றின் அருகே தேவதூதன் அவளைக் கண்டு, "எங்கேயிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்?" என்று விசாரிக்கிறார். அதன் பிறகு அவள் ஆண்டவருக்கு ஒரு பெயர் வைக்கிறாள்: "நீர் என்னைக் காண்கிற தேவன்." யாருமே தன்னைக் கண்டுகொள்ளாத ஓர் அடிமைப் பெண், தன்னைக் கண்டுகொண்டவருக்கு வைத்த பெயர் அது. அதில் மிரட்டல் இல்லை, ஆறுதல் இருக்கிறது. அதே பார்வையை, பொம்மை எடுத்த குழந்தையைப் பிடிப்பதற்கு நாம் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். ஆண்டவரின் பெயரைச் சொல்லி வகுப்பை அடக்குவது எளிது. ஆசிரியை இல்லாத நேரத்திலும் அது வேலை செய்யும். அந்த எளிமைக்கு விலையாகக் கொடுக்கப்படுவது குழந்தையின் நம்பிக்கை.

அன்றே ஒரு முடிவு எடுக்கப்பட்டது. ஒழுங்குபடுத்துவதற்காக ஆண்டவர் பெயரையோ இயேசப்பா வருத்தப்படுவார் என்ற வார்த்தையையோ இனி யாரும் பயன்படுத்துவதில்லை. பொம்மையை எடுத்துப்போனால், "இது வகுப்பின் ஆட்டுக்குட்டி, இங்கேதான் இருக்க வேண்டும், நாளைக்கு மறுபடி விளையாடலாம்" என்று சொன்னால் போதும். அந்த உதவியாளர் எல்லாருக்கும் முன்பாகவே, "என்னிடமும் சின்ன வயதில் இதைத்தான் சொன்னார்கள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது" என்றார். அதன்பின் அந்த முடிவைக் கடைப்பிடிப்பதில் அவரே மற்றவர்களை விடக் கவனமாக இருந்தார்.

தொழுவத்தின் வாசல்

பேழையை வகுப்பிலிருந்து எடுத்துவிடலாமா என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. எடுத்துவிட்டால் குழந்தை மறந்துவிடுவான் என்றார் ஒருவர். அவன் பயத்தைப் பேசுவதற்கு இருக்கும் ஒரே மொழி அந்தப் பேழைதான், அதைப் பிடுங்கக் கூடாது என்றார் வகுப்பு ஆசிரியை. அவர் சொன்னதே நின்றது. பேழை மூலையிலேயே இருந்தது, அதன் அருகே புதிதாக ஓர் ஆட்டுத்தொழுவம் வந்தது.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. வேத அறிஞரான சோபியா கவல்லெட்டியும், கல்வியாளர் மரியா மாண்டிசோரியுடன் பணியாற்றிய ஜான்னா கோபியும் 1954-இல் ரோம் நகரில் குழந்தைகளுக்கான விசுவாசக் கல்வியைத் தொடங்கினார்கள். போதிப்பதைக் குறைத்து, குழந்தை கையால் தொட்டு நகர்த்தக்கூடிய சிறு பொருட்களோடு கதையைக் கொடுத்து, பிறகு கவனித்தார்கள். எந்தக் கதைக்குக் குழந்தைகள் மறுபடி மறுபடி திரும்பி வருகிறார்களோ அதை வைத்துக்கொண்டார்கள். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் விடாமல் திரும்பி வந்த கதை நல்ல மேய்ப்பனின் உவமை. தன் ஆடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் என்ற யோவான் 10-இன் வரியே அவர்களைப் பிடித்து வைத்தது. அந்த வயதுக் குழந்தைகளின் சொந்த ஜெபங்கள் பெரும்பாலும் நன்றியும் துதியுமாகவே இருக்கின்றன, கேட்டுப்பெறும் ஜெபம் பின்னால்தான் வருகிறது என்றும் கவல்லெட்டி எழுதியிருக்கிறார். அவரிடம் பயின்ற ஜெரோம் பெரிமன், கதை முடிந்ததும் 'இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?' என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒரே சரியான விடை இல்லாத கேள்விகளைக் கேட்கும் பழக்கத்தை வளர்த்தார்.

இந்த வகுப்பிலும் அப்படியே செய்தார்கள். வட்டமான பச்சைப் பலகை, சிறு வேலி, திறந்து மூடும் ஒரு வாசல், மேய்ப்பர், ஆடுகள். ஆசிரியை கதையைக் குறைந்த வார்த்தைகளில், அவசரமில்லாமல் சொன்னார். காணாமல் போன ஆட்டின் பகுதி வந்தபோது மேய்ப்பரை வாசல் வழியாக வெளியே நடத்திக்கொண்டு போனார். வாசலை மூடவில்லை. இந்தப் பையன் முழங்காலிட்டு முன்னால் வந்துவிட்டான்.

"அந்த ஆடு ஏன் வெளியே போனது?"

"தெரியவில்லையே. மேய்ப்பர் அதைக் கேட்டாரா?"

அவன் யோசித்தான். லூக்கா 15-இல் மேய்ப்பர் கேட்பதில்லை. கண்டுபிடித்ததும் சந்தோஷத்தோடு தோள்களில் போட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான். "கேட்கவில்லை" என்றான். அன்று அவன் வேறெதுவும் சொல்லவில்லை. மறுநாள் விளையாட்டு நேரத்தில், பேழைக்கு வெளியே நிற்கும் அந்தப் பொம்மையைத் தூக்கி வந்து தொழுவத்துக்கு வெளியே வைத்தான். மேய்ப்பரை அனுப்பி அதை அழைத்துவரச் செய்தான். திரும்பத் திரும்ப, பல நாட்கள் இதையே செய்தான். நடுவில் யாரும் போய் விளக்கம் சொல்லவில்லை. 'பார்த்தாயா, உன்னையும் இயேசப்பா இப்படித்தான் தேடுகிறார்' என்று சொல்ல எந்த ஆசிரியைக்கும் நாக்கு துடிக்கும். சொல்லாமல் இருந்ததுதான் இந்த வகுப்பு ஆசிரியையின் திறமை என்பேன்.

ஜெப வேளையில் கண்ணை மூடச் சொல்வதும் நின்றது. மூடுகிறவர்கள் மூடலாம், மற்றவர்கள் மெழுகுவர்த்தியைப் பார்க்கலாம். வேதத்தில் கண்ணை மூடித்தான் ஜெபிக்க வேண்டும் என்ற கட்டளை எங்கும் இல்லை. இயேசு வானத்தை அண்ணாந்து பார்த்து ஜெபித்ததை யோவான் 17 சொல்கிறது.

வகுப்பில் வேறு சமயக் குடும்பங்களிலிருந்து வந்த குழந்தைகளும் இருந்தார்கள். என்ன கதை, என்ன ஜெபம் என்பது சேர்க்கையின்போதே அந்தப் பெற்றோருக்கு எழுத்தில் கொடுக்கப்படுகிறது, விருப்பமில்லாதவர்கள் குழந்தையை அந்த நேரத்தில் வேறு செயலில் ஈடுபடுத்தலாம். குழந்தையின் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், அவன் வளர்ச்சிக்கு ஏற்ப அவனை வழிநடத்தும் பெற்றோரின் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு. கிறிஸ்தவப் பள்ளி அதைத் தன் விசுவாசத்துக்கு எதிரானதாகப் பார்க்க வேண்டியதில்லை.

தந்தையின் கேள்வி

பையனின் அப்பாவுக்கு இந்த மாற்றங்கள் முழுவதும் பிடிக்கவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம் என்று வசனம் இருக்கிறதே, டீச்சர். பயமே இல்லாமல் வளர்த்தால் பிள்ளை எப்படி உருப்படுவான்?"

தலைமை ஆசிரியை அவரோடு வாதாடவில்லை. பத்துக் கட்டளைகள் உள்ள யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தை எடுத்து, முதல் கட்டளைக்கு முன்னால் இருக்கும் வரியை வாசிக்கச் சொன்னார். உன்னை அடிமைத்தன வீட்டிலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவன் நானே என்று அது தொடங்குகிறது. முதலில் விடுதலை, பிறகுதான் கட்டளை. விடுவித்தவர் யார் என்று அறிந்த ஜனத்திடம்தான் 'செய்யாதிருப்பாயாக' என்று சொல்லப்படுகிறது. நான்கு வயதில் நாம் இருப்பது அந்த முதல் வரியில், கட்டளைகள் தங்கள் நேரத்தில் வரும் என்றார். அப்பா முழுவதும் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் மனப்பாட வசனம் சொல்லிக்கொடுப்பது தன் பொறுப்பு, அதை விட மாட்டேன் என்றார். அது அவர் உரிமை. எந்த வசனம் என்பதை மட்டும் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை, தூங்குவதுமில்லை என்ற சங்கீதம் 121-இன் வரி அவருக்குப் பிடித்திருந்தது. இரவில் கதவைக் காவல் காக்கும் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான வசனம் எனக்கும் தோன்றவில்லை.

இன்றைய நிலை

அந்தப் பருவம் முடிவதற்குள் இரவில் எழுவது நின்றது. கழிவறைக்குத் தனியாகப் போகிறான். வகுப்பறைக் கதவைச் சாத்தினால் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறான், எழுந்து போவதில்லை. ஜெபத்தில் சில நாட்கள் கண்ணை மூடுகிறான், சில நாட்கள் மூடுவதில்லை. பலத்த மழை பெய்யும் நாட்களில் இன்னும் பதறுகிறான், ஆசிரியையின் அருகில்தான் உட்காருகிறான். வீட்டில் அவனுக்கென்று அப்பா தினமும் தனியாக நேரம் ஒதுக்கத் தொடங்கியதும் இதில் பெரும் பங்கு வகித்திருக்கும். எந்த மாற்றம் எதனால் வந்தது என்று ஒரு குழந்தையை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பயம் நீண்ட நாள் நீடித்துத் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்தால் குழந்தை மனநல மருத்துவரிடம் போக வேண்டும், ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பதையும் பெற்றோரிடம் சொல்லியிருந்தோம். இவன் விஷயத்தில் அந்த அவசியம் ஏற்படவில்லை.

பள்ளியின் பாடத்திட்டத்தில் கதைகளின் வரிசை மாறியிருக்கிறது. நல்ல மேய்ப்பர், குழந்தைகளை அணைத்து ஆசீர்வதித்த இயேசு, கடுகு விதை ஆகியவை முதல் ஆண்டுக்கு வந்துவிட்டன. நோவாவும் தாவீது–கோலியாத்தும் பெரிய வகுப்புக்குப் போய்விட்டன. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப்போன கதை மழலையர் பிரிவிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. முடிவாகாமல் இருப்பது சிலுவையின் கதை. கிறிஸ்தவப் பள்ளி அதைச் சொல்லாமல் இருக்க முடியாது, நான்கு வயதுக் குழந்தையிடம் ஆணிகளையும் இரத்தத்தையும் விவரிக்கவும் முடியாது. இயேசு மரித்தார் என்று ஒரு நாளும், உயிர்த்தெழுந்தார் என்று விடுமுறை கழித்து இன்னொரு நாளும் சொல்வது கூடாது, இரண்டையும் ஒரே அமர்வில், ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்பது வகுப்பு ஆசிரியையின் யோசனை. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆசிரியைகள் உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முன்னால் இதற்காகவே ஒருமுறை கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெற்றோரையும் அழைத்திருக்கிறார்கள்.